அவன்கிட்ட சொல்லுங்க பாய்

“அந்த வண்டிச் சத்தம் இன்னிக்கே நிக்கணும். இல்லைன்னா ஸ்டேஷனுக்குப் போவேன்னு அந்தாளுகிட்ட சொல்லுங்க பாய்,” என்றான் முனிவேல்.

அந்தாளு நாராயணப்பன், முனிவேலின் அக்கா புருஷன். பக்கத்தில்தான் நின்றிருந்தார். வரப்புத் தகராறில் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பேரிகை கடைவீதியில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்த லால் பாஷா நடுவில் மாட்டிக்கொண்டார். பழைய டூ-ஸ்ட்ரோக் பைக் என்ஜினை நாலு சக்கரத்தில் ஏற்றி நாராயணப்பனுக்கு அந்த வண்டியைச் செய்துகொடுத்தவரே அவர்தான்.

“காரணமில்லாம நான் ஓட்டலைன்னு அவன்கிட்ட சொல்லுங்க பாய்.”

“அறுப்பு முடிஞ்ச ஆளுக்கு ராத்திரியில ராகிக் காட்டுல என்ன வேலை? என் தூக்கத்தைக் கெடுக்கணும், அதான் காரணம்.”

நாராயணப்பனின் முகம் இறுகியது. “அவன் இஷ்டப்படியே பண்ணிடுங்க.”

பாஷா கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டி, ஏர் ஸ்க்ரூவைத் திருகித் திருகிப் பார்த்தார். படபடவென்று வெடிப்பது நின்று, வண்டி தையல் மெஷின் மாதிரி ஓடியது. முனிவேல் மீசையைத் தடவிக்கொண்டே போனான்.

மறுநாள் காலையில் அரக்கப்பரக்க ஓடிவந்தான். “ராத்திரி யானை இறங்கிடுச்சு பாய். என் ராகி மொத்தமும் போச்சு.”

நாராயணப்பன் அதற்கு முன்பே வண்டியோடு வந்து நின்றிருந்தார்.

“நேத்தும் போனேன்னு அவன்கிட்ட சொல்லுங்க பாய். சத்தமில்லாத வண்டியை யானை திரும்பிக்கூடப் பார்க்கலை.”

“அறுத்த காட்டுக்கு எதுக்குப் போனாராம்?”

“அவன் காட்டுக்குத்தான் போனேன். தினமும் அவன் அக்காதான் என்னை எழுப்பிவிடுவா. தம்பி அசந்து தூங்கறான், நீங்க ஒரு சுத்து போயிட்டு வாங்கன்னு.”