கடுகுரோகிணி மூட்டை

"இது கடுகுரோகிணியே இல்ல. கசப்பே காணோம்!" மென்ற வேரைத் துப்பினார் டோல்போ மலைநாட்டு வைத்தியர் குங்கா. உள்ளே மஞ்சள் காமாலையில் கிடந்த பெண் முனகினாள்.

மூட்டையோடு மலையிறங்கி வந்திருந்த யாங்சோமுக்கு முகம் சிவந்தது. "நாலு நாள் குளிர்ல தோண்டியிருக்கேன் வைத்தியரே. விலையைக் குறைக்கணும்னா நேரா கேளுங்க."

"போலி மருந்து குடுத்தா உள்ள கிடக்கிறவ பிழைக்கமாட்டா. தூக்கிட்டுக் கிளம்பு."

"நானா போலி?" யாங்சோம் ஒரு வேரை நறுக்கென்று கடித்தாள். மறுகணம் வாய் கோணியது; கண்ணில் நீர் முட்டியது; தண்ணீர்க் குடத்துக்கு ஓடினாள்.

"மூட்டையை இறக்கு. நீ கேட்ட விலையே தர்றேன்" என்றார் குங்கா.

அவள் போனதும் மனைவி பால்மோ சீறினாள். "நல்ல சரக்கு கொண்டாந்தவளை எதுக்குங்க அப்படிப் பேசினீங்க? மனுஷனா நீங்க?"

வேரை உரலில் இட்டபடி குங்கா குரலைத் தாழ்த்தினார்.

"வெளிய சொல்லிடாதே. போன காய்ச்சலோட என் நாக்கு செத்துப் போச்சு. நீ போடுற உப்பு டீக்கும் வெந்நீருக்குமே வித்தியாசம் தெரியல. போலி கொண்டு வர்றவனைத் திட்டினா விலையைக் குறைப்பான். நல்லது கொண்டு வர்றவ ரோஷத்துல கடிச்சுக் காட்டுவா. இந்த வேரோட கசப்பை நான் அவ முகத்துலதான் பார்த்தேன்."