ஏகமனதாக ஒரு பரிகாரம்

"கல் நெஞ்சுக்காரி!" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.

பின்னே? டவுன் கமிட்டித் தலைவர் ப்ரெஸ்காட் மேடையிலேயே அழுதுவிட்டார். எங்கள் மிஸிஸிப்பி மாநிலத்தில் ஒரு வெள்ளைக்காரர் கறுப்பு ஜனங்களிடம் மன்னிப்புக் கேட்பது தினமும் நடக்கிற காரியமா? டவுன் ஹாலே கண்ணைத் துடைத்துக்கொண்டது. கறுப்பு ஜனங்களோடு உட்கார்ந்திருந்த ஒடெஸா மட்டும் கைகூடத் தட்டவில்லை.

"கறுப்பங்களும் குளிக்கலாம்னு கோர்ட் சொன்னதும், எங்கப்பாவும் அவர் கூட்டாளிகளும் ஊர் நீச்சல் குளத்தையே மண்ணைக் கொட்டி மூடினாங்க. அந்தப் பாவத்துக்கு என்ன பரிகாரம்? சொல்லுங்க!" என்றார் ப்ரெஸ்காட்.

"கல்வெட்டு வைக்கலாம்!"

"வருஷா வருஷம் மன்னிப்பு நாள் கொண்டாடலாம்!"

ஒடெஸா எழுந்தாள். "கொட்டின மண்ணை அள்ளிடுங்களேன். பழையபடி குளமாக்கிடலாம்."

ப்ரெஸ்காட் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். ஒடெஸா தொடர்ந்தாள்.

"எங்கம்மாவுக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது. கத்துக்க ஏது இடம்? போன கோடையில என் பெரியவனை ஆறு கொண்டுபோயிடுச்சு. சின்னவனும் இப்ப அதே ஆத்துக்குத்தான் ஓடறான். பயமா இருக்கு. அவன் நீச்சல் கத்துக்கணும், அவ்வளவுதான்."

ப்ரெஸ்காட் மறுபடி கைக்குட்டையை எடுத்தார். "உங்க வலி புரியுது, மிஸ் ஒடெஸா. ஆனா குளம்னா ஆபத்தாச்சே! ஒரு குழந்தை மூழ்கிட்டா யார் பதில் சொல்றது?"

"ஆத்துல மூழ்கினா?"

"ஆறு நம்ம டவுன் எல்லையில வராதும்மா."

காரசாரமான விவாதத்துக்குப் பிறகு ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. குளத்தை மூடிய இடத்தில், ஒடெஸாவின் பெரியவன் நினைவாகப் பளிங்கில் ஒரு நீரூற்று!

அடுத்த கோடையில், ஒரு சனிக்கிழமை திறப்பு விழா. பேண்டு வாத்தியம், பார்பிக்யூ, பேச்சுக்குப் பஞ்சமில்லை. ஒடெஸாவின் சின்னவன் லமார் ஆசையாகத் தண்ணீரில் ஒரு காலை வைத்தான்.

"டேய், ஏறுடா வெளியே! போர்டைப் பார்க்கலை?" என்று விரட்டினார் காவலாளி.

'தண்ணீரில் இறங்கக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

ஒடெஸா மகனைக் கையோடு இழுத்துக்கொண்டு ப்ரெஸ்காட்டிடம் வந்தாள்.

"விழாவுக்கு உங்க பேரப்பசங்களைக் கூட்டிட்டு வரலையா?"

ப்ரெஸ்காட்டின் முகம் பெருமையில் மலர்ந்தது.

"சனிக்கிழமைன்னா எங்க கிளப்புல அதுங்களுக்கு நீச்சல் கிளாஸாச்சே, மிஸ் ஒடெஸா! குளத்துல இறங்கிட்டா ரெண்டும் லேசுல வெளிய வராதுங்க!"