சிரித்தவள்

"அவ எவளா இருந்தாலும் சரி, இன்னைக்கே டி.சி. குடுத்து அனுப்புங்க. இல்லேன்னா நான் இந்த இடத்தை விட்டு நகரமாட்டேன்!"

தையல்கார அம்மா மேசைமேல் அறைந்த அறையில் தலைமையாசிரியையின் பேனாக்கள் உருண்டு கீழே விழுந்தன. அவள் கழுத்தில் அளவு நாடா இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள்.

"முதல்ல உட்காருங்கம்மா."

"உட்காரவா வந்தேன்? எட்டாவது படிக்கிற பிள்ளை டீச்சர் இது. காலையில பள்ளிக்கூடம்னு சொன்னாலே வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சுருண்டுக்குது. போன வருஷம் கணக்குல எவ்வளவு வாங்கினா தெரியுமா? இப்ப போர்டுகிட்டக் கூப்பிட்டா கை நடுங்குதாம். பின்னால இருந்து நாலு பேரு 'ஙீ... ஙீ...'ன்னு அழுதுகாட்டறாங்களாம்!"

மூலை நாற்காலியில், பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மகள் மெல்ல முனகினாள்.

"அம்மா, போதும்மா. வா, வீட்டுக்குப் போகலாம்."

"நீ வாயை மூடு! பயந்து பயந்துதான் இந்தக் கதிக்கு வந்து நிக்கிறே."

மார்க் குறைந்ததும் முதலில் தையல்கார அம்மா மகளின் போன்மேல்தான் பழியைப் போட்டாள். எந்நேரமும் அதில் என்னடி வேலை என்று பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள். முதுகில் இரண்டு போட்டாள்கூட. அப்புறமும் பிள்ளை தேறவில்லை. இன்று காலை குளியலறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டு விம்மிக்கொண்டிருந்தவளைக் கதவை இடித்து வெளியே இழுத்தபோதுதான் விஷயம் வந்தது. தான் அழுகிற வீடியோவைப் போட்டுப்போட்டுப் பார்த்து வகுப்பே சிரிக்கிறதாம். யாருடி எடுத்தது என்றால் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"எங்களுக்கும் போன வாரம்தாம்மா தெரிஞ்சுது" என்றார் தலைமையாசிரியை. "முதல்ல யாரோ ஸ்டேட்டஸ்ல வச்சிருந்தாங்களாம். அதை நம்ம பசங்க எடுத்து, பாட்டைச் சேர்த்து, முகத்தைப் பெருசாக்கி ஊர் முழுக்க அனுப்பியிருக்காங்க. அனுப்பினவங்க வீட்டுல இருந்து ஆளுங்களை வரச் சொல்லியாச்சு. ஆனா எடுத்தது யாருன்னுதான் தெரியல. உங்க பொண்ணு சொல்லமாட்டேங்கிறா."

"மிரட்டி வச்சிருப்பா டீச்சர்! எனக்குத் தெரியும், இவகூடவே சுத்துவாளே, அந்த வாயாடிதான். கடைக்கு வந்து என் பக்கத்துலயே உட்கார்ந்து, என் கையால வாங்கித் தின்னுட்டு..."

"அவ இல்லம்மா!" மகள் அலறினாள். "அவ ஒருத்திதான் என்கூடப் பேசறா. அவளை ஒண்ணும் சொல்லாத."

"அப்ப யாரு? சொல்லித் தொலையேன்!"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

தையல்கார அம்மா தலைமையாசிரியையின் பக்கம் திரும்பினாள்.

"ஒரு பிள்ளை அழுதா கண்ணைத் துடைச்சுவிடத் தோணணும் டீச்சர். போனைத் தூக்கிப் படம் பிடிக்கவா தோணும்? அதுவும் ஒரு ஜென்மமா? ராத்திரி படுத்தா அவளுக்குத் தூக்கம் வருமா? சாமி கும்பிடறவளா இருந்தா இப்படிச் செய்வாளா?"

 அவள் பேசப் பேச, தலைமையாசிரியை அவள் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நீங்க அந்த வீடியோவைப் பார்த்தீங்களாம்மா?"

"இல்ல. பெத்தவளால பார்க்க முடியுமா அதை?"

"எங்ககிட்ட பாட்டெல்லாம் சேர்க்காதது ஒண்ணு இருக்கு. எடுத்தவங்க குரல் நல்லாக் கேக்குது."

"போடுங்க! குரலை வச்சே ஆளைச் சொல்லிடறேன்."

"வேண்டாம் மிஸ்!" மகள் எழுந்து ஓடி வந்தாள். "ப்ளீஸ் மிஸ், போடாதீங்க!"

"போடுங்க டீச்சர். இவ கிடக்கறா."

தலைமையாசிரியை போனை மேசைமேல் நிறுத்தி வைத்தார்.

தரையில் கணக்குப் புத்தகம் விரிந்து கிடந்தது. அதன் பக்கத்தில் மகள். கண்ணும் மூக்கும் ஒழுக, "எனக்கு வரவே மாட்டேங்குது" என்று தேம்பிக்கொண்டிருந்தாள். பின்னால் பாதி தைத்த சீருடைகள் குவிந்திருந்தன. படம் ஆடியது. எடுக்கிறவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

"அய்யோ, என் ராசாத்தி அழற அழகைப் பாரேன்! ஏய், இங்க திரும்புடி. மூக்கைத் துடைக்காத, துடைக்காத, அப்படியே இரு! ஸ்டேட்டஸ்ல வைக்கிறேன், எல்லாரும் பார்க்கட்டும்!"

தையல்கார அம்மாவின் கை மேசையிலிருந்து நழுவியது.

தைத்து முடித்த துணிகளைத் தினமும் ஸ்டேட்டஸில் வைப்பது அவள் வழக்கம். அன்றைக்கு இரண்டு சீருடைகளுக்கு நடுவில் இதையும் வைத்தாள். சிரிப்புப் பொம்மைகளாக வந்து குவிந்தன. அவளுக்கும் சந்தோஷம். மறுநாள் மறந்தே போனாள். பார்த்தவர்கள் எல்லாம் அவளிடம் துணி தைக்கக் கொடுக்கிறவர்கள். இதே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தாய்மார்கள்.

தலைமையாசிரியை போனை நிறுத்தினார்.

"குரல் யாருதுன்னு தெரியுதாம்மா?"

அவள் உதடு அசைந்தது.

மகள்தான் முந்திக்கொண்டு, இருவருக்கும் குறுக்கே வந்து நின்றாள்.

"எங்க அம்மா இல்ல மிஸ். அது யாரோ."