ராடுன்னா ராடுதான்

“ராடுன்னு நான் சொன்னா ராடுதான்! நேத்து வந்த நீ எனக்கே பாடம் எடுக்கிறியா?”

எலும்புப் பிரிவுத் தலைவரின் குரலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பத்து வருடமாக அவரிடம் வந்த எந்த உடைந்த இடுப்பும், எலும்புக்குள் ஒரு ராடு இறங்காமல் வீடு திரும்பியதில்லை.

இளம் டாக்டரம்மா அசையவில்லை. நூற்று இருபது நோயாளிகளை ஒப்பிட்டு அவள் எழுதிய கட்டுரை வேறு மாதிரி சொன்னது: நொறுங்காமல் உடைந்த இடுப்புக்கு வெளியே ஒரு ப்ளேட்டும் ஸ்க்ரூவும் போதும்.

“நாளைக்கு டாக்டர்கள் கூட்டத்துல இந்தக் கட்டுரையை நீ வாசிக்கக் கூடாது.”

“வாசிப்பேன் சார். வேலையே போனாலும் வாசிப்பேன்.”

“என்ன திமிரு!”

“இருக்கட்டும் சார். முதல்ல இதைப் பாருங்க.” எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தாள். “காலையில வந்த கேஸ். எலும்பு நொறுங்கல. வழக்கம்போல ராடு இறக்கிடலாமா?”

தலைவர் எக்ஸ்ரேயை உற்றுப் பார்த்தார். “இதுக்கு... ப்ளேட்டும் ஸ்க்ரூவும் போதும்மா.”

“ராடுன்னா ராடுதான்னீங்களே?”

“இந்தக் கேஸ் வேற.”

“எலும்பு அதேதான் சார். ஆள்தான் வேற.”

தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முகத்தை மட்டும்தான் திருப்ப முடிந்தது. காலையில் மேடையில் ராடின் பெருமையை விளக்கிக்கொண்டே பின்னால் நகர்ந்து, படி தவறி விழுந்ததிலிருந்து அவர் இந்தக் கட்டிலில்தான் மல்லாந்து கிடக்கிறார்.

சம்மதப் படிவத்தையும் பேனாவையும் அவர் கையில் வைத்தாள்.

“கையெழுத்துப் போடுங்க சார், கேட்டபடியே ப்ளேட் போட்டுடறேன். நாளைக்குக் கட்டுரையை வாசிக்கறப்போ, நூத்தி இருபத்தோராவது ஆளா உங்களையும் சேர்த்துக்கட்டுமா?”