ஏழு நிமிடம்

"ஏழு நிமிஷம்! ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தெரு முன்னாடி ஆம்புலன்ஸை ஓரங்கட்டி என்னய்யா பண்ணினே?"

அதிகாரி புகார்க் கடிதத்தை மேஜைமேல் தட்டினார். எதிரே ஆம்புலன்ஸ் உதவியாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான்தான் சார் நிறுத்தச் சொன்னேன். டிரைவர் மேல தப்பில்ல."

"கை ஒடிஞ்ச பெரியவர் உள்ளே துடிக்கறார். ஆஸ்பத்திரி வாசல்ல குடும்பமே காத்துக் கிடக்குது. மகன் சும்மா விடுவாரா? அதென்ன கன்னத்துல கீறல்?"

"பெரியவர் கை பட்டுடுச்சு சார்."

"பட்டுதா, அடிச்சாரா?"

"அடிச்சாலும் கைதானே சார் படும்? வழி நெடுக நல்ல அர்ச்சனை வேற."

அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோரு வருடத்தில் இந்த ஆள்மீது ஒரு புகார் வந்ததில்லை. இப்போது வேலைநீக்க உத்தரவு தட்டச்சாகி வந்துவிட்டது. அதில் கையெழுத்துப் போடப்போவது தன் கை என்பதுதான் அவரை உறுத்தியது.

"ஒரு காரணம் சொல்லுய்யா. எழுதி உன்னைக் காப்பாத்தப் பார்க்கறேன்."

உதவியாளர் தயங்கினார். "நான் சொல்றது அவங்க வீட்டுக்கும் போகுமா சார்?"

"புகார் குடுத்தவருக்கு நகல் அனுப்பித்தான் ஆகணும்."

"அப்ப, டீ குடிக்க நிறுத்தினேன்னு எழுதிக்குங்க."

"உனக்குப் போய்ப் பரிஞ்சு பேசினேன் பாரு!" அதிகாரி உத்தரவை இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

அப்போது இடது கையில் கட்டுடன் ஒரு முதியவர் உள்ளே வந்தார். கூட யாருமில்லை. தோளில் ஒரு துணிப்பை.

"நான்தான் அந்தப் பேஷண்ட். மகன் விவரம் தெரியாம எழுதிட்டான். வண்டி நின்னது எனக்காகத்தான். புகார் வேண்டாம்."

"எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா?"

போட்டார். அதிகாரி உத்தரவை இரண்டாகக் கிழித்தார்.

"எதுக்கு நின்னதுன்னு சொல்லுங்களேன். காகிதத்துக்கு இல்ல, எனக்காக."

"டீக்குத்தான் சார்," உதவியாளர் அவசரமாகக் குறுக்கிட்டார்.

முதியவர் பையிலிருந்து, துவைத்து மடித்த சீருடைப் பேன்ட் ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினார். பிறகு அதிகாரி பக்கம் திரும்பினார்.

"வலியில என்னை அறியாம நனைச்சுக்கிட்டேன் சார். வாசல்ல மருமக, சம்பந்தின்னு எல்லாரும் நிக்கறாங்க. 'கிட்ட வராதே'ன்னு கத்தினேன், அறைஞ்சுகூடப் பார்த்தேன். அறை வாங்கின கன்னத்தோட, இவர் தன் மாத்துப் பேன்ட்டை எனக்குப் போட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்கச் சொன்னார்."