கப்பலுக்கு வந்த கடிதம்

துரை குடும்பம் குளிர்காலத்தைக் கழிக்கக் கப்பலேறி, கொழும்பு, ரங்கூன் என்று மூன்று மாதம் உல்லாசமாகச் சுற்றியது. துரைசாணியின் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க ரோசம்மாளும் கூடப் போனாள். தன்னுடைய நான்கு மாதப் பிள்ளையை ஆரணியில் நாத்தனாரிடம் விட்டுப் போனாள்.

இப்போது ஊர் திரும்புகிறார்கள். பட்டணத்திலிருந்து ரயிலில் வந்து, ஆரணி ரோடு ஸ்டேஷனில் மாட்டுவண்டி ஏறியாயிற்று. ரோசம்மாள் மடியில் வெள்ளைக் குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது.

“எம் புள்ள என்னை அடையாளம் கண்டுக்குமா, அம்மா?”

“கண்டுகொள்ளும். இரண்டு பல் முளைத்துத் தவழ்கிறது என்று கடிதத்தில் வாசித்தேனே. வீணாகக் கவலைப்படாதே” என்று துரைசாணி தன் கையாலேயே அவளுக்குப் பசும்பால் ஊற்றிக் கொடுத்தாள்.

அந்தக் கடிதம் ரோசம்மாளின் ரவிக்கைக்குள் இருந்தது. படிக்கத் தெரியாவிட்டாலும் கப்பலில் தினம் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

நெசவுத் தெருவில் வண்டி நின்றது. குழந்தையைத் துரைசாணியிடம் கொடுத்தாள். கொழும்பில் துரைசாணி வாங்கிக் கொடுத்த கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டே ரோசம்மாள் வீட்டுக்குள் ஓடினாள். தறியில் இருந்த புருஷன் தேவநேசனின் கை அப்படியே நின்றது.

“புள்ள எங்க?”

“உபதேசியாரை வுட்டு எழுதுன கடுதாசி வரலியா உனக்கு?”

“இதோ கீதே. தவழ்ந்துகினு கீதுன்னு துரைசாணி படிச்சிக் காட்னாங்க.”

தேவநேசன் தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. “நீ கப்பலேறுன எட்டாம் நாளே ஜுரத்துல செத்துப்பூட்ச்சி, ரோசா. அத்தத்தான் அதுல எழுதச் சொன்னேன்.”

ரோசம்மாள் போட்ட அலறல் தெருக்கோடி வரை கேட்டது.

வண்டிக்குள்ளிருந்து துரைசாணி, கப்பலில் பேசிய அதே கனிவோடு சொன்னாள்: “அழாதே, ரோசம்மா. அழுதால் பால் வற்றிவிடும்.”