எந்தப் பட்டனை அழுத்தினாலும்

கன்ட்ரோலர் அந்த அம்மாவின் கையில் இருந்தது. எங்கள் வீடியோ கேமை விற்கப்போகும் நிறுவனத்தின் மேலாளர் அவர்.

கேமின் அறிமுக விழா, அரங்கம் நிறைய ஆட்கள். அவரோ எதையும் அழுத்தாமல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்குக் கை பரபரத்தது. கேம் தொடங்கும் முன் லோகோ ஓடும்போது சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. அதற்காகவே தம்பியோடு மல்லுக்கு நின்றவள் நான்.

கேமில் புரோகிராம் முழுக்க என்னுடையது, படங்கள் முழுக்க அவனுடையது. எங்கள் லோகோவையும் அவன்தான் வரைந்தான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நாற்காலிகள், கீழே எங்கள் இருவர் பெயர். ஆரம்பத்தில் எங்களிடம் இருந்த சொத்தே அந்த நாற்காலிகள்தான். ஒவ்வொரு முறையும் அது இசையோடு முழுசாக ஓட வேண்டும் என்பது அவன் ஆசை.

விளையாட வந்தவனை வாசலிலேயே நிறுத்தி, நம் பெருமையைச் சொல்லி முடித்த பிறகுதான் உள்ளே விடுவாயா என்று கேட்டேன். எந்தப் பட்டனை அழுத்தினாலும் லோகோ உடனே விலக வேண்டும். முதல் தடவை ஓடும்போதே கூட.

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். கடைசியில் நான் சொன்னதுதான் நடந்தது.

சோதித்துப் பார்க்கத் தினமும் கேமைத் திறப்பேன். திறக்கும்போதே கட்டைவிரல் தானாக அழுத்திவிடும். அக்காவுக்கு நம் லோகோவைக் கண்டாலே ஆகாது என்று தம்பி கிண்டல் செய்வான். கொஞ்ச நாளாக அந்தக் கிண்டல் நின்றுபோயிருந்தது. எனக்கு அது உறைக்கவில்லை.

நிறுவனத்தின் லோகோ வந்து போனது. அடுத்து எங்களுடையது. நல்ல இசைதான், நான் அதை முழுசாகக் கேட்டே வெகு நாளாகிறது.

கோடு கோடாக ஒரு நாற்காலி எழுந்து நின்றது. அடுத்ததற்காகக் காத்திருந்தேன்.

இசை முடிந்தது. நாற்காலிக்குக் கீழே தம்பியின் பெயர் மட்டும் இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

தம்பியின் பக்கம் திரும்பினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என் முகத்தைப் பார்க்காமலே பேசினான்.

"கேம் ஒருத்தர் பேர்லதான் இருக்கணும்னு கம்பெனில சொல்லிட்டாங்கக்கா. உன்கிட்ட சொல்ல வாய் வரல. அதான் லோகோவ மாத்தி உன் கம்ப்யூட்டர்லயே போட்டு வச்சேன். நீ பாத்துட்டு கேட்டா, அவங்ககிட்ட வேண்டாம்னு சொல்லிடலாம்னு இருந்தேன். நீ ஒண்ணுமே கேக்கல."

கேட்கவில்லைதான். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டானாம்.

சாப்பாட்டு மேசையில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போனில் ஒரு வரி அனுப்பியிருக்கலாம். அங்கெல்லாம் நான் பார்த்திருப்பேன், கேட்டிருப்பேன், சண்டை போட்டிருப்பேன்.

நான் கண்ணெடுத்தும் பார்க்காத இடம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது எது என்று என் கூடப் பிறந்தவனுக்கு மட்டும்தான் தெரியும்.